ஒன்பது லிட்டர்

திண்டிவனம்
9 மார்ச் 2025

அன்புள்ள ஜெசிக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதினால் படிக்கிறேன் என்று நீ செய்தி அனுப்பிய பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. இருபது வருடமாக மாணவிகளின் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதிப் பழகிய கை. மகளுக்கு எழுதத் தெரியவில்லை.

ஜனவரியில் விழுப்புரம் ஜங்ஷனில் நீ ரயிலேறிய அன்று உன் நெற்றியில் சிலுவை போட வந்தேன். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். என் விரல் உன் காதின் மேல் பட்டது. அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கல்லூரியிலேயே கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஓட்டப் போகிறேன் என்றால், எந்த அம்மாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வாள். நான் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் அதையே சொன்னேன். அது என் தவறாக இருக்கலாம்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. காலை ரயிலில் விழுப்புரம், மாலை பேருந்தில் திண்டிவனம். சாம்பல் புதனன்று விடியற்காலைப் பூசையில் வாங்கிய சாம்பலோடு அப்படியே ரயில் ஏறினேன். எதிரே இருந்த அம்மாள், "நெத்தியில இன்னாமோ ஒட்டிக்கினு இருக்குது பாருங்க டீச்சர்" என்று கைக்குட்டை நீட்டினாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. துடைத்துவிட்டேன்.

அப்பா எட்டிப் பார்த்து, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை வரத்து நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்கிறார். அவருக்கு எடைமேடை, மூட்டை, லாரி. அதை விட்டால் வேறு செய்தி கிடையாது.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? எழுது. சாப்பிடுகிறாயா?

அம்மா

~

பயிற்சிப் பள்ளி விடுதி
17 மார்ச் 2025

அம்மா,

கடிதம் வந்தது. சிலுவை விஷயத்தைப் பற்றி இப்போது எழுதமாட்டேன்.

கணிதத்தைப் பாதியில் விட்டேன் என்கிறாய். இங்கே ஒவ்வொரு நாளும் கணக்கில்தான் தொடங்குகிறது. பறக்கும் முன் எடைக் கணக்கு போட்டுக் கையெழுத்திட வேண்டும். உனக்காக ஒன்று போட்டுக் காட்டுகிறேன், நீயே திருத்து.

எங்கள் விமானத்துக்கு ஒரே எஞ்சின், இரண்டு இருக்கை. நம் தெரு அகலத்துக்கு இறக்கை. வெற்று எடை 527 கிலோ. எல்லாம் ஏற்றிய பிறகு 757 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆக, ஏற்றக்கூடியது 230. இரண்டு டாங்கிலும் முழுதாக பெட்ரோல் போட்டால் 67 கிலோ. மீதி 163. பை, ரேடியோவுக்கான காதுக்கருவி, காகிதங்கள் என்று 3 கிலோ. மீதி 160. இதில் பயிற்றுநர் 96. மாணவிக்கு மிஞ்சுவது 64.

நான் 70.

எங்கள் பயிற்றுநர் திருமுருகன் சார், பண்ருட்டிக்காரர். என் அறைத்தோழி வெனிலா அவருக்கு வைத்திருக்கும் பெயர் பலாப்பழம். ஆள் கெட்டவர் இல்லை. எடை விஷயத்தில் ஒரு கிலோகூட விட்டுக்கொடுக்க மாட்டார். காலையில் ஒருமுறை டாங்கை நிரப்பிவிட்டால் மதியம்வரை மறுபடி பெட்ரோல் போட மாட்டார், அதில் நேரம் போகிறதாம். அதனால் எடை குறைந்த பிள்ளைகள் காலைக் குளிர்ச்சியில் பறப்பார்கள். நான் பெட்ரோல் எரிந்து குறையும்வரை காத்திருந்து, கடைசியில் வெயிலில் போக வேண்டும். பாதி நாள் காற்று சரியில்லை என்று அதுவும் ரத்தாகிவிடும். எல்லோருக்கும் பறந்த மணிநேரம் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு மட்டும் ஏறவில்லை.

முந்தாநாள் எல்லோர் முன்னாலும் என் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, விழுப்புரம் ஜங்ஷன்ல இருந்து பேசஞ்சரா வந்தியா, கூட்ஸா வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறாய். தவக்காலம் இல்லையா? இந்த வருடம் முழு ஒருசந்தி பிடிக்கிறேன். மதியம் மட்டும் சாப்பாடு.

ஜெசி

~

திண்டிவனம்
26 மார்ச் 2025

அன்புள்ள ஜெசி,

உன் கணக்கைச் சரிபார்த்தேன். பிழை இல்லை. இரண்டாம் ஆண்டில் உன் வகுப்பில் இருந்தவர்கள் இப்படி ஒரு தாளை எனக்குக் கொடுத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆனால் கணக்கைவிட உன் கடைசி வரிதான் என்னை நிறுத்திவிட்டது. வீட்டில் இருந்தவரை வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்பதற்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய். தூர தேசத்தில், யாரும் பார்க்காத இடத்தில், முழு ஒருசந்தி பிடிக்கிறாய். நான் உன்னை வளர்த்தது வீணாகவில்லை என்று முதல் முறையாகத் தோன்றியது. வியாழக்கிழமை அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னேன். ஜெயம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல ரெண்டு தடிமாடு இருக்குது, பூசைக்கே வராதுங்க. உன் பொண்ணு ஆகாசத்துல பறந்துக்கினு ஒருசந்தி இருக்குறா, குடுத்து வெச்சவ நீ" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ போன பிறகு பெருமை என்று ஒன்றும் படவில்லை, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன்னோடு நானும் ஒருசந்தி பிடிக்கிறேன். எனக்கு இது சுலபம். தேர்வுக் கண்காணிப்பு வரும் நாட்களில் மதிய டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவது பழக்கம்தான்.

சார் சொன்னதை மனத்தில் வைக்காதே. ஆண்கள் சிரிக்க ஏதாவது வேண்டும். தைரியமாக இரு. ஈஸ்டர்வரை கைவிடாதே.

அம்மா

~

பயிற்சிப் பள்ளி விடுதி
8 ஏப்ரல் 2025

அம்மா,

கைவிடவில்லை.

இன்றைய கணக்கு: 527 + 67 + 3 + 96 + 64 = 757. ஒரு கிலோகூட மிச்சம் இல்லை, ஒரு கிலோகூட அதிகம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் காலை வரிசை. சார் தாளைப் பார்த்து, "இப்பதான் கணக்கு அழகா இருக்கு" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. நாற்பத்தொன்று. சூடான காற்று இளகிப்போய்விடும், இறக்கை அதில் பிடிமானம் தேடும். குளிர்காலத்தில் இருநூற்றிருபது மீட்டர் ஓடினால் தரையை விடும் விமானம், மதியத்தில் முந்நூற்று முப்பது ஓடுகிறது. நிமிடத்துக்கு எழுநூறு அடி ஏற வேண்டியது ஐந்நூறுகூட ஏறத் திணறுகிறது. ஓடுபாதையின் முடிவில் ஒரு புளியமரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அது கீழே எங்கோ கிடக்கும், இப்போது அதன் கிளைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு கிலோ குறைந்தாலும் அந்த மரத்துக்கு மேலே கொஞ்சம் கூடுதல் இடம்.

அறுபதுக்கு வந்துவிட்டால் வெயிலிலும் கவலை இருக்காது.

எழுத நேரமில்லை. கை கொஞ்சம் நடுங்குகிறது, பேனா சரியில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெசி

~

திண்டிவனம்
23 ஏப்ரல் 2025

ஜெசி,

ஈஸ்டர் அன்று நான் போன் செய்தபோது நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கப் போனாய். வெனிலா உன்னிடமிருந்து பிடுங்கித்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். "ஆன்ட்டி, இவ இன்னிக்கும் சாப்பிடல ஆன்ட்டி. பிரியாணிய என் தட்டுல கொட்டிட்டா. நீங்க கேளுங்க." அவ்வளவுதான் கேட்டது. பிறகு போன் அணைந்தது.

வீட்டில் அன்று கறிக்குழம்பு. அப்பா கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணுக்கு அங்க கறி போடுவாங்களா?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன்.

பிறகு உன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் கணக்கில் மாணவி எழுபது. இரண்டாவது கணக்கில் அறுபத்து நான்கு. இரண்டாவது கடிதம் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? விடைத்தாளைப் பார்ப்பதுபோல், கூட்டல் சரியா என்று பார்த்தேன். 757 சரியாக வருகிறது என்று ஓரத்தில் ஒரு டிக் போட்டேன். அந்தச் சிவப்பு டிக் இன்னும் அங்கேயே இருக்கிறது. எந்த எண் குறைந்ததால் கூட்டல் சரியாக வந்தது என்று பார்க்கவில்லை. அந்த எண் என் மகள்.

இது தவக்காலம் இல்லை, ஜெசி. ஆண்டவர் உயிர்த்துவிட்டார். நீ இன்னும் ஒருசந்தியில் இருக்கிறாய். யாருக்காக?

நேற்று பேருந்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டும்வரை உன் கணக்கையே யோசித்துக்கொண்டு வந்தேன். அதில் ஐந்து எண்கள். வெற்று எடை மாறாது, தயாரித்தவன் கொடுத்தது. பையும் காதுக்கருவியும் மூன்று கிலோ, அதில் குறைக்க ஒன்றுமில்லை. மீதி மூன்று. சார், பெட்ரோல், நீ. மூன்றும் மாறக்கூடியவை. சாரை இளைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவர் உடம்பு அவருடையது. அதே நியாயம் உனக்கும் உண்டு. பெட்ரோல் யாருடைய உடம்பும் இல்லை.

ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று கல்லூரியில் இயற்பியல் துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் ஆறு கிலோவுக்கு ஒன்பது லிட்டர். காலையில் ஒன்பது லிட்டர் குறைவாக நிரப்பினால், எழுபது கிலோ ஜெசி முதல் ஆளாகக் குளிர்ச்சியில் பறக்கலாம். அதற்கு விலை, நடுவில் ஒருமுறை சார் விமானத்தை நிறுத்திப் பெட்ரோல் போட வேண்டும். அவ்வளவுதான்.

நீ மூன்றில் இரண்டை மாறிலியாக எடுத்துக்கொண்டு, உன்னை மட்டும் மாறியாக வைத்துப் போட்டிருக்கிறாய். அதனால் விடை சரியாக வருகிறது. கணக்கு தப்பு.

உடனே போன் செய். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அம்மா

~

பயிற்சிப் பள்ளி விடுதி
2 மே 2025

அம்மா,

உன் கடிதத்தைப் படுக்கையில் படித்தேன். அது வருவதற்கு முந்தின நாள் விழுந்துவிட்டேன்.

பயப்படாதே, தரையில்தான். பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வலது இறக்கைக்குக் கீழே டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸின் கூரைதான் தெரிந்தது. அன்று நான் 59. டாக்டர் ஒரு மாதத்துக்குப் பறக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். அதன் பிறகும் அவர் கையெழுத்துப் போட்டால்தான். போடாவிட்டால் ஊருக்கு வர வேண்டியதுதான். நீ நினைத்தபடியே நடக்கும்.

உனக்கு இப்போது எல்லாம் தெரிகிறது. மார்ச்சில் நான் ஒருசந்தி என்று எழுதியபோது நீ என்ன எழுதினாய்? உன்னை வளர்த்தது வீணாகவில்லை என்று எழுதினாய். நான் பிறந்ததிலிருந்து நீ அப்படி ஒரு வரி சொன்னதில்லை. பசிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஜெயம் பெரியம்மா சொன்னதைப் படித்துச் சிரிப்பேன். பிறகு பசிக்காது. ஈஸ்டருக்குப் பிறகு சாப்பிடலாம் என்றுதான் இருந்தேன். தட்டைப் பார்த்தால் எடைத்தாள் நினைவுக்கு வருகிறது. சாப்பாடு உள்ளே போகவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அம்மா.

பெட்ரோலைக் குறை என்று எழுதுவது சுலபம். திண்டிவனத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். இங்கே சார் முன்னால் நின்று, எனக்காக எல்லோருடைய நேரத்தையும் நிறுத்துங்கள் என்று நான் எப்படிக் கேட்பேன்? நீ கேட்டிருக்கிறாயா யாரிடமாவது? உன் துறைத் தலைவரிடம்? அப்பாவிடம்? எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடி, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவாயே, அது எந்தக் கணக்கு? மாறி, மாறிலி எல்லாம் உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பாவிடம் மட்டும் போனில் சொன்னேன், வருகிறேன் என்றார். வரட்டும். நீ வர வேண்டாம். நீ வந்தால் நான் உடனே ரயிலேறிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஜெசி

~

திண்டிவனம்
10 மே 2025

ஜெசி,

வரவில்லை. அப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் கைவிடாதே என்று எழுதியதும், நீ அதைப் பிடித்துக்கொண்டதும் உண்மை. வியாழக்கிழமை அன்பியக் கூட்டத்துக்குப் போனேன். ஜெயம் அக்கா, "பொண்ணு இன்னா எழுதுது?" என்று கேட்டாள். ஒருசந்தி பிடித்து மயங்கி விழுந்துவிட்டாள், நான்தான் தட்டிக்கொடுத்தேன் என்றேன். பிறகு அவளே எழுந்து போய் உனக்காக ஒரு டப்பா மல்லாட்டை உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் அப்பாவின் பையில் இருக்கிறது. கேப்பை மாவும் இருக்கிறது. கூழாகக் குடி. தட்டு வேண்டாம், டம்ளர் போதும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: கேட்டதில்லை. துறையில் கால அட்டவணை போடும்போது, "அமலா மேடம் அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க" என்பார்கள். கடைசிப் பாட வேளை எனக்கு விழும். ஐந்தரை ரயில் போய்விடும். பேருந்தில் நின்றுகொண்டு வருவேன். டிசம்பர் வெள்ளத்தில் கல்லூரிக்குள் தண்ணீர் வந்தபோது, விடைத்தாள் கட்டுகளை மாடிக்கு ஏற்ற யார் இருக்கிறார்கள் என்றார்கள். நான் இருந்தேன். இதையெல்லாம் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை இல்லை, ஜெசி. அசதிதான். கேட்பதைவிட ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அடுப்படி விஷயம் நீ பார்த்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

நீ ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று ஜனவரியில் நான் ஜெபித்தது நிஜம். இப்போது ஜெபிக்கவில்லை. இளைத்துப்போய், டாக்டர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வரும் பெண் எனக்கு வேண்டாம். அதைவிட நீ அங்கேயே இருந்து, எனக்கு எழுதாமல் இருப்பது மேல்.

சாரிடம் கேட்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. நான் எழுதிக் கேட்டால் அது அம்மா எழுதியதாகப் போய்விடும். அதனால் எழுதவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத அம்மாவின் மகள் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

நேற்றிரவு உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பா, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அம்மா

~

பயிற்சிப் பள்ளி விடுதி
21 ஜூன் 2025

அம்மா,

கடிதம் தாமதம். எழுத ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்று இருந்தேன்.

அப்பா இங்கே இருந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. காலையில் கூழைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குடித்து முடித்தால் டம்ளரை வாங்கிக்கொள்வார். குடிக்காவிட்டாலும் வாங்கிக்கொள்வார், ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாம் நாள் முழுவதும் குடித்துவிட்டேன். "உங்க அம்மா பேஜாரு பண்ணுவா, அதுக்குத்தான் காலி டம்ளர போட்டோ எடுத்துக்கினேன்" என்றார். எடுத்தாரா, உனக்குக் காட்டினாரா என்று தெரியாது. கடலை உருண்டையில் பாதியை வெனிலா தின்றுவிட்டாள்.

டாக்டர் இந்த மாதத் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று 65. மறுநாள் காலை சார் பெட்ரோல்காரரிடம் முழு டாங்க் என்று கை காட்டினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சார், ஒன்பது லிட்டர் குறைச்சுப் போடலாம் சார்."

"எதுக்கு? நீ இப்ப அறுவத்தஞ்சு தான? ஒரு கிலோக்கு ரெண்டு லிட்டர் குறைச்சா போதும்."

"நான் எழுபது சார். இன்னும் வந்து சேரல. வர்றதுக்கு எடம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நடுவுல எறக்கி மறுபடி பெட்ரோல் போடணும். உனக்காக மத்தவங்க டைம் போகணுமா?"

அம்மா, அந்த இடத்தில் இல்லை சார் என்று வாய் வரை வந்துவிட்டது. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய 'பரவால்ல, நான் பாத்துக்கறேன்' அது. அதை விழுங்கிவிட்டு, "ஆமா சார்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெட்ரோல்காரரிடம் ஒன்பது குறைத்துப் போடச் சொன்னார். விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டே, "யாரு கணக்கு போட்டுக் குடுத்தது?" என்றார். அம்மா சார், விழுப்புரத்தில் கணக்கு டீச்சர் என்றேன். "அதான பாத்தேன். பொறுக்கி எடுத்த மாதிரி ஒன்பதுன்னியே." கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கி கூட்ஸ் வண்டின்னு சொன்னது விளையாட்டுக்கு" என்றார். தெரியும் சார் என்றேன். பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை.

இப்போது எல்லோருக்கும் நடுவில் ஒருமுறை பெட்ரோல் போடுகிறார்கள். யாரும் சாகவில்லை. வெனிலா அந்த இடைவேளையில் டீ குடிக்கிறாள்.

நேற்று சார் ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வெளியிலிருந்து பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். "ஒரு சுத்து சுத்திட்டு வா. வண்டி சீக்கிரம் எழும்பும், பயந்துக்காத" என்று கதவைச் சாத்தினார். தனியாகப் போனேன் அம்மா. தொண்ணூற்றாறு கிலோ இல்லாத விமானம். நான் தயாராகும் முன்பே தரையை விட்டுவிட்டது. புளியமரம் எங்கோ கீழே போயிற்று. பக்கத்து இருக்கையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். மார்ச்சிலிருந்து ஏப்ரல் முடிய நான் பட்டினி கிடந்து குறைத்தது பதினொரு கிலோ. அது இந்த எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை. இறங்கி வந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சார் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இன்று 67. சில வேளை இன்னும் தட்டைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது. டம்ளருக்கு மாறிவிடுகிறேன்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கு நாள் இருக்கிறது. ஆனால் கணக்கை இப்போதே தொடங்கிவிட்டேன். 527, 3, நான் 70. அடுத்த வரி, பயணி: அமலா. எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். சேலை, செருப்பு, கைப்பை எல்லாம் சேர்த்து உண்மையான எடை வேண்டும். தோராயம் வேண்டாம். அது தெரிந்த பிறகுதான் பெட்ரோல் எவ்வளவு என்று முடிவு செய்வேன்.

ஜெசி

~

திண்டிவனம்
29 ஜூன் 2025

அன்புள்ள ஜெசி,

காலி டம்ளர் போட்டோ எடுத்திருக்கிறார். ஏழு இருக்கிறது. எனக்குக் காட்டவில்லை, கேட்ட பிறகு காட்டினார். ஒன்றில் உன் விரலும் விழுந்திருக்கிறது.

புளியமரத்தைப் படித்த பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைப் படித்தேன். நீ விழவில்லை என்று தெரிந்தும்தான். இது எனக்குப் பழக நாளாகும்.

துறைத் தலைவரிடம் போய், கடைசிப் பாட வேளை வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் எடுக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றேன். அதற்குமேல் காரணம் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். அட்டவணை இன்னும் வரவில்லை.

எடை கேட்டிருக்கிறாய். கடைசியாக நான் எடை பார்த்தது நீ வயிற்றில் இருந்தபோது. வீட்டில் கருவி இல்லை. நேற்று மாலை கமிட்டிக்கே போனேன். ஏலம் முடிந்து கூடம் காலியாக இருந்தது. தரையெல்லாம் மல்லாட்டைத் தொலி. அப்பா எடைமேடையில் ஏறச் சொன்னார். செருப்போடா, செருப்பில்லாமலா என்று கேட்டேன். "பைலட்டம்மா செருப்போடன்னுதான எழுதியிருக்குது" என்றார். ஏறினேன். மூட்டை தூக்கும் முருகையன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மூட்டைக்குக் கழிக்கிற மாதிரி ஈரப்பதத்துக்குக் கழிக்கணுமா சார்?" என்று கேட்டான். அப்பா அவனைத் திட்டினார். நான் சிரித்துவிட்டேன், எடைமேடை முள் ஆடிவிட்டது. நில்லு, அசையாத என்று மறுபடி பார்த்தார். எண்ணை நானே குனிந்து பார்த்தேன்.

நாற்பத்தேழு. சேலை, செருப்பு, விடைத்தாள் கட்டு இருந்த கைப்பை எல்லாம் சேர்த்து.

திரும்பி வரும் வழியில் அப்பா வண்டியை ஓட்டல் முன்னால் நிறுத்தினார். வீட்டில் சோறு இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றார். உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்த இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதாதே. பென்சிலில்கூட எழுதாதே. நீ என்னை ஏற்றும் நாளில் மறுபடி நிறுத்துப் பார்த்து எழுது. அதுவரை ஒன்பது லிட்டர் குறைவாகவே வை. நானும் இன்னும் வந்து சேரவில்லை.

அம்மா